பாசிக்கு வேர் இல்லை

விடுதியில் என்னோடு இருந்த தோழர்களே, உங்களுக்கு அந்த நீலத் தகரப் பெட்டி மறந்திருக்காது. திண்டிவனத்தில் நாம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், "எவன் பெட்டியிலடா கருவாடு?" என்று கேட்டுக்கொண்டு எல்லாப் பெட்டிகளையும் வரிசையாக மோந்து பார்த்தீர்கள். அனந்தபுரத்துக்காரன் பெட்டியில் வறுத்த மல்லாட்டைக் கடலை இருந்தது. மேல்மலையனூரான் பெட்டியில் கேப்பை மாவும் அங்காளம்மன் குங்குமமும். என் பெட்டியில் இரண்டு சட்டையும் ஒரு கால்சட்டையும் தவிர ஒன்றுமில்லை. ஆனால் நாற்றம் அதிலிருந்துதான் வந்தது. கருவாடு இல்லை என்று சொன்னேன். பின்னே என்ன என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் முதன்முதலாக எழுத்துப் படித்தவர்கள். நம் வீட்டார் நம் வாயையே பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் உங்களுக்கும் உண்டு. அதனால் இது உங்களுக்குத்தான் புரியும்.

எங்கள் ஊர் மரக்காணத்துக்குப் பக்கம், கடல் உள்ளே புகுந்து கழியாகத் தேங்குகிற முகத்துவாரத்தின் ஓரம். கட்டுமரக்காரர்கள் ஊர். முகத்துவாரத்தின் உட்பக்கம், அலை அடங்கிய இடத்தில், கல்லும் சிப்பிக் கட்டியுமாக ஒரு நீண்ட திட்டு உண்டு. தண்ணீர் வற்றும் வேளையில் முழங்கால் ஆழம்தான் இருக்கும். பாசிக்கல் என்போம். தை பிறந்துவிட்டால் கல் தெரியாமல் பாசி மூடிவிடும். கருஞ்சிவப்பு நிறம், நூல் நூலாக, முழ நீளம். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் தலை சாய்த்து நிற்கும். இறங்கினால் கணுக்காலைச் சுற்றிக்கொள்ளும். அதற்குள்ளிருந்து இறால் குஞ்சுகள் கால்விரல் இடுக்கில் வந்து முட்டும். அந்தக் கூச்சம் இன்னும் என் பாதத்தில் இருக்கிறது.

பறிப்பது பெண்கள் வேலை. கட்டுமரம் இல்லாத வீட்டுக்குத்தான் அங்கே முதல் கை என்பது ஊர் வழக்கம். கடலுக்குப் போன புருஷன் திரும்பாத வீட்டில் வேறென்ன இருக்கிறது? எங்கள் அத்தை வீடு அப்படிப்பட்டது. அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். முதல் கை யாருக்கோ, கல்லைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவர்களுக்குத்தான். பொங்கல் கழிந்து அத்தை இறங்கிய பிறகே மற்றவர்கள் இறங்குவார்கள். மாசி மகத்துக்குச் சாமி தீர்த்தமாட வந்துவிட்டால் அதோடு சரி, ஆடி வரை ஒருத்தியும் கல்லைத் தொடக் கூடாது. இரும்பு தண்ணீருக்குள் போகவே கூடாது. ஆளுக்கொரு அரைச் சிப்பி ஓடு. அதன் விளிம்பால் அடியில் ஒரு விரல் கனம் விட்டு அறுக்க வேண்டும். அத்தையின் ஓட்டில் ஒரு துளை. அதில் நூல் கோத்து இடுப்பில் தொங்கவிட்டிருப்பாள். நடக்கும்போது சாவிக்கொத்தில் மோதி டிக் டிக் என்று கேட்கும்.

கரைக்கு வந்ததும் ஒவ்வொரு கூடையையும் கவிழ்த்துக் கையால் அளைந்து பார்ப்பாள். அடிக்கட்டையோடு, சிப்பிப் பொருக்கு ஒட்டிய ஒரு கொத்து அகப்பட்டால் போதும். அந்தப் பெண் மறுநாள் இறங்க முடியாது. கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் பறிப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் என் அம்மாவே அகப்பட்டுக்கொண்டாள்.

"இன்னாது இது?"

"வழுக்கிக்கினு வந்துடுச்சி அண்ணி. ஒரே ஒரு கொத்துதான்."

"ஒரே ஒரு கொத்துதான். நாளைக்கு நீ கரையில குந்து."

"தம்பி பொண்டாட்டின்னு கூடப் பாக்க மாட்டீங்களா?"

"தம்பி பொண்டாட்டின்றதாலதான் ஒரு நாளு. வேற எவளாச்சும் இருந்தா மூணு நாளு." மற்ற பெண்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. "மயிரக் கத்திரிச்சா வளரும். தோலோட உரிச்சா வளருமா? உன் தலையில செஞ்சு காட்டட்டா?"

மறுநாள் அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் மட்டும் சும்மா இல்லை. "ஏய், அந்தாண்ட பெரிய கொத்தா கீது பாரு. கலெக்டரம்மா திரும்பறதுக்குள்ள ஜல்தியா அள்ளுடி!" என்று கத்தினாள். கலெக்டரம்மா திரும்பி ஒரு பிடி ஈரப் பாசியை எறிந்தாள். அது அம்மாவின் மடியில் வந்து விழுந்தது. அம்மா அதைத் தூக்கி என் தலையில் வைத்துச் சடை பின்னினாள். அன்று முழுவதும் சிரிப்பு. எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படிச் சேர்ந்து சிரித்ததை அதற்கப்புறம் நான் கேட்டதில்லை.

பறித்த பாசியை நல்ல தண்ணீரில் அலசி மணலில் பரப்புவார்கள். வெயிலில் காயும், பனியில் நனையும், மறுபடி அலசுவார்கள். சிவப்பு பழுப்பாகும், பழுப்பு வைக்கோல் நிறமாகும், ஏழெட்டு நாளில் வெளுத்த நூல்கண்டு மாதிரி கிடக்கும். நோன்பு நெருங்கும்போது கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் வந்து வாங்கிப் போவார். வாங்குமுன் ஒவ்வொரு கொத்தையும் நுனியிலிருந்து அடிவரை விரலால் உருவிப் பார்ப்பார். "கல்லு மண்ணு ஒண்ணும் இல்லியேம்மா? போன தடவ ஒரு ஊர்ல வாங்கிப் போய்ப் பட்ட பாடு! எங்க வூட்டம்மா பல்லு போய், நோம்பு முழுக்க என்னோட பேசல" என்பார். ஒரு வருஷம் எனக்கென்று ஒரு தூக்கில் கடல்பாசி கொண்டுவந்தார். பாலும் சர்க்கரையும் பன்னீரும் விட்டுக் காய்ச்சி ஆறவைத்து, பாய்முடைந்த கட்டம்போலச் சாய்வாக வெட்டியது. நாக்கில் வைத்ததும் குளிர்ந்து, கடிக்குமுன் வழுக்கிப் போய்விட்டது. நம் கல்லில் வளர்ந்தது இப்படியும் ஆகுமா என்று கையை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஐந்தாவது படித்த வருஷம், தை மாதத்தில், பட்டணத்திலிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்தார். லாரி உப்பளத்துச் சாலையில் நின்றது. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மணலில் நடந்து வந்தார். மருந்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் பாசி வேண்டுமாம். வெளுக்க வேண்டாம், அலச வேண்டாம், காய்ந்திருந்தால் போதும், எவ்வளவு கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறோம் என்றார். ஒரு சாக்கைப் பிரித்து இரும்புச் சுரண்டிகளைக் கொட்டினார். மரப்பிடி போட்ட, பளபளவென்ற புதுச் சுரண்டிகள். ஆளுக்கு ஒன்று, இனாம்.

காலை வேளை. கட்டுமரங்கள் கரையேறி, மீன் ஏலம் முடிந்து ஊரே ஏலத் திடலில் நின்றது.

"இதால அடியோட சுரண்டிப் போடுங்க. கையால கிள்ளிக்கினு இருந்தா எப்போ லாரி ரொம்பறது?" என்றார் அவர்.

அத்தை ஒரு சுரண்டியைக் காலால் தள்ளினாள். "அடியோட எடுத்தா வேரு போயிடும். அடுத்த தைக்கு எங்க இருந்து வரும்?"

"வேரா? பாசிக்கு ஏதும்மா வேரு?"

"இல்லாமயா கல்லப் புடிச்சிக்கினு நிக்குது?"

பேச்சு வளர்ந்தது. பாதிப் பேர் அத்தை பக்கம், பாதிப் பேர் சுரண்டியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அப்போதுதான் அப்பா சொன்னார்: "சண்ட எதுக்கு? எம்பையன் படிக்கிறான். அவன் புஸ்தகத்துல பாசியப் பத்திப் போட்டிருக்குது. சத்தமா படிச்சிக்கினு இருந்தான், நான் கேட்டேன். அச்சுல வந்தது பொய் சொல்லாது. அதுல இன்னா போட்டிருக்கோ அதும்படி செய்யலாம். இன்னா அக்கா?"

அத்தை என்னைப் பார்த்தாள். "சரி, படிக்கட்டும்" என்றாள்.

அப்பாவைப் பேராசைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். என் புத்தகத்தைத் தொடுமுன் கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறவர் அவர். ஐந்தாவதோடு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். மேலே படிக்கத் திண்டிவனம் போக வேண்டும், விடுதியில் தங்க வேண்டும், அதற்குக் காசு வேண்டும். அந்த ஏக்கம் அவருக்கு இருந்தது எனக்குத் தெரியும்.

ஓடிப்போய் விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்து வந்தேன். என்னை ஒரு மீன்கூடையின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். ஊர் முழுவதும் என் வாயைப் பார்த்தது. பெரியவர் ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் ஒற்றை எழுத்து பிசகாமல் படித்தேன்: "பாசிகளுக்கு மற்றத் தாவரங்களைப் போல வேர், தண்டு, இலை என்ற பிரிவுகள் கிடையாது."

பக்கம் அங்கே முடிந்தது.

"பாத்தீங்களா! வேர் கிடையாது!" என்று கம்பெனி ஆள் கைதட்டினார். "தம்பி டாக்டருக்குத்தான் படிக்கப் போவுது." யாரோ விசிலடித்தார்கள். அப்பா என்னைக் கூடையிலிருந்து அப்படியே தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். பத்து வயசுப் பையனை, கால் அவர் இடுப்புக்குக் கீழே தொங்குகிறவனை. அவர் கழுத்தில் உப்புக் காய்ந்து சொரசொரத்தது. அவ்வளவு உயரத்திலிருந்து நான் கடலைப் பார்த்ததே இல்லை.

அடுத்த பக்கத்தில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். வாத்தியார் நடத்தியிருந்தார். நான் எழுதிக்கூடக் காட்டியிருந்தேன். வேர் இல்லையென்றாலும், கடற்பாசி தன் அடிப்பகுதியால் கல்லைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. அந்த அடி மிச்சமிருந்தால் அதிலிருந்து மறுபடி வளரும். அடி போய்விட்டால் வளராது. அத்தை சொன்னதுதான். அவள் வேர் என்றாள், புத்தகம் வேறு பேர் சொன்னது, அவ்வளவே. நான் பக்கத்தைத் திருப்பவில்லை. அச்சு பொய் சொல்லவில்லை தோழர்களே. நான்தான் பாதியில் நின்றேன்.

அன்று மதியமே சுரண்டிகள் தண்ணீருக்குள் போயின. கல்லில் இரும்பு உரசுகிற அந்தச் சத்தம் பல்லைக் கூசவைக்கும். வீட்டுக்குள்ளிருந்தாலும் கேட்டது. தண்ணீர் கலங்கி எரு கரைத்ததுபோல ஆயிற்று. குட்டி நண்டுகளும் இறால் குஞ்சுகளும் பாசியோடு வந்து கரையில் குவியல் குவியலாகத் துள்ளிக் காய்ந்தன. அம்மா முதல் நாள் சிப்பி ஓட்டால்தான் அறுத்தாள். பக்கத்துக் குவியல்கள் உயர்ந்துகொண்டே போயின. மூன்றாம் நாள் அவளும் சுரண்டி எடுத்தாள்.

அத்தை இறங்கவில்லை. தன் இடத்தில், கரையில், தப்புப் பண்ணினவர்களை உட்காரவைக்கிற அதே இடத்தில் தினமும் வந்து உட்கார்ந்தாள். ஒருவரும் அவளிடம் பேசவில்லை. கலெக்டரம்மா என்று யாரும் கேலி பண்ணவுமில்லை.

மாசி மகம் வந்தது. சாமிகள் தீர்த்தமாடித் திரும்பின. மறுநாளும் சுரண்டிச் சத்தம் கேட்டது.

அப்பா திண்டிவனம் போய் அந்த நீலப் பெட்டியை வாங்கி வந்தார். அன்று கோடை மழை தூறியது. கடைசி லாரிக்கு வைத்திருந்த காய்ந்த பாசி நனைந்துவிடும் என்று அம்மா அதைப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டு மூடினாள். நீங்கள் மோந்தது அந்த நாற்றத்தைத்தான். சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நான் போகவிடவும் இல்லை போலிருக்கிறது. மூன்றாம் வருஷம் யாரோ பூட்டை உடைத்து அந்தப் பெட்டியைத் தூக்கிப் போனபோது நீங்கள் எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டீர்கள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆடிக்கு வீட்டுக்குப் போனபோது கல்லைப் பார்த்தேன். வெள்ளைக் கீறல்கள். காலை வைத்தால் எச்சில் பட்டதுபோல ஒரு பச்சை வழவழப்பு. வேறொன்றுமில்லை. "ஆடிப் பாசி எப்பவும் கம்மிதான். தையில வரும்" என்றார் அப்பா. தை வந்தது, பாசி வரவில்லை. லாரியும் வரவில்லை. அவர்களுக்கு வேறு கரை கிடைத்திருக்கும். கழியில் இறாலும் குறைந்தது.

பாய் மட்டும் வழக்கம்போல நோன்புக்கு முன் துணிப்பையோடு வந்தார். அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து மோர் குடித்தார். வெறும் பையைத் தட்டி மடித்துக்கொண்டே, "இருக்கட்டும்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். "எங்க வூட்டம்மாவுக்கு பல்லாவது தப்பிச்சிது." அத்தை சிரிக்க முயன்றாள். அடுத்த வருஷம் அவர் வரவில்லை.

அத்தை ஒரு காரியம் செய்தாள். வடக்கே ஒரு ஊர்க் கழியில் பாசி இருக்கிறதென்று கேள்விப்பட்டு, விடியலில் கிளம்பி நடந்து போய், பாசி முளைத்த கல்லாகப் பார்த்து நாலைந்து எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றித் தலையில் சுமந்து வந்தாள். வழியெல்லாம் சாக்கில் உப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாளாம். அவற்றை எங்கள் பாசிக்கல்லுக்கு நடுவே பதித்தாள். ஐப்பசி வெள்ளத்தில் முகத்துவாரம் உடைத்துக்கொண்டு போனபோது அந்தக் கற்களும் போயின. மறு வருஷமும் கொண்டுவந்தாள். அவையும் போயின. பிறகு கட்டுமரமும் இல்லாமல் கல்லும் இல்லாமல், உப்பளத்து வேலைக்குப் போனாள்.

அப்பா அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவிடம் அந்தச் சுரண்டி இன்னும் இருக்கிறது. அடிப்பிடித்த சோற்றுப் பானையைச் சுரண்டுகிறாள். லீவுக்குப் போனால் அந்தச் சத்தம் கேட்டதும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

சென்ற வருஷம் பயிற்சி முடிந்து, வாத்தியார் வேலைக்கு உத்தரவு வந்த வாரம், அத்தையைப் பார்க்க உப்பளத்துக்குப் போனேன். வெயிலில் பாத்திகள் கண்ணைக் குத்தின. அத்தை பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தாள். குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது. சிப்பி ஓடு இல்லை.

"வாங்க வாத்தியாரே! வரப்பு ஈரமா கீது, வெள்ள வேட்டி பத்திரம்" என்றாள். நான் உட்கார்ந்தேன். எந்த ஊரில் வேலை, சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாய் என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு வேலையை நிறுத்தாமலே கேட்டாள்:

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு ஏலத் திடல்ல படிச்சியே."

"ம்."

"வாயி நின்னுடுச்சி, கை நிக்கல. தாளு மூலைய பெருவிரலால தடவிக்கினே இருந்தே. பின்னால இன்னாமோ இருந்துச்சில்ல?"

இத்தனை வருஷமாக அது எனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தேன். எழுத்துத் தெரியாத ஒருத்தி என் கையைப் படித்திருக்கிறாள். நான் சொன்னேன். புத்தகத்தில் இருந்தபடி ஒருமுறை, அவளுக்குப் புரியும்படி ஒருமுறை. அத்தை பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு நின்று கேட்டாள்.

"அப்போ எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

"தெரிஞ்சிருக்கு அத்த."

"எந்த ஊர்க்காரனோ. நம்ம கல்ல பாத்திருக்கவே மாட்டான். இருந்தும் எழுதியிருக்கான் பாரு." அவள் முகத்தில் சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தெரிஞ்சிக்கினே அன்னிக்கி ஏன் கேக்கல நீ?" என்றேன்.

"கேக்கத்தான் வாயெடுத்தேன். உங்கப்பன் மூஞ்சிய பாத்தேன். எங்க வூட்டுக்காரர கடலு கொண்டுபோன நாள்ல இருந்து அவன் அப்பிடி சிரிச்சி நான் பாக்கல. நீ அவன் தோள்மேல குந்திக்கினு இருந்தே." பலகையைக் கையில் எடுத்தாள். "கேட்டிருந்தா உன்ன கீழ எறக்கி வுட்ருப்பான்டா."

அவள் குனிந்து வார ஆரம்பித்தாள். பாத்தியின் அடியில் ஒரு விரல் கனம் உப்பை அப்படியே விட்டுவிட்டு மேலாக வாரினாள்.

"ஏம்மா, அடியோட வாரு! மிச்சம் வெச்சிக்கினு போறியே!" என்று தூரத்து வரப்பிலிருந்து மேஸ்திரி கத்தினார்.

அத்தை காதில் விழாதவள்போல வாரிக்கொண்டிருந்தாள்.